2011 சென்சஸ் வைத்து நகரங்களை வகைப்படுத்துவது – மூன்று சந்தேகங்கள்

புவிமதி:
வணக்கம். தமிழ்நாட்டு நகரங்கள் இருபதை அளவு, அமைவிடம், தொழில் என்று மூன்று விதமாகப் பிரிக்க வேண்டும். சென்னைக்கு ஓர் அட்டவணையில் 46 லட்சம், இன்னொன்றில் 86 லட்சம். எதை எடுப்பது? கோவையை ஆற்றங்கரை நகரம் என்று போடலாமா? தொழில் வகையில் எல்லா ஊரிலும் ‘இதரப் பணியாளர்’தான் முதலிடம், திருப்பூரும் ஊட்டியும் ஒரே கூடையில் விழுகின்றன.

கணக்குப்பிள்ளை:
இரண்டு எண்ணும் சரிதான். 46.46 லட்சம் பழைய 174 சதுர கி.மீ. மாநகராட்சிக்கு, 86 லட்சம் ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் எல்லாம் சேர்ந்த நகரத் திரளுக்கு. கணக்கெடுப்பு மார்ச் தொடக்கத்தில் முடிந்து, மாநகராட்சி 426 ச.கி.மீ.க்கு விரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதனால் பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்துவிடாதீர்கள். 26,000க்கு மேல் இருக்க வேண்டிய அடர்த்தி 11,000க்குச் சரிந்துவிடும்.

திரளை எடுத்தால் எல்லா ஊருக்கும் திரளையே எடுங்கள். அப்போது அம்பத்தூரைத் தனி ஊராகப் பட்டியலில் வைத்தால் இரட்டைக் கணக்கு.

சென்சஸின் ஆறு வகுப்புகள்: 1 லட்சமும் மேலும், 50,000, 20,000, 10,000, 5,000, அதற்கும் கீழே. பேரூராட்சி என்றால் 5,000க்குக் கீழே இருந்தாலும் நகரம்தான், ஆறாம் வகுப்பு. ஊராட்சியாக இருந்து சென்சஸ் நகரமாக ஏற வேண்டுமானால் மட்டுமே மூன்று நிபந்தனை: 5,000 பேர், ச.கி.மீ.க்கு 400 பேர், ஆண் முதன்மைப் பணியாளரில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்) 75% விவசாயம் சாராதவர். மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படிக்கான எக்ஸ், ஒய், இசட் நகரப் பிரிவு (50 லட்சம், 5 லட்சம் எல்லை) வேறு கணக்கு, இதோடு கலக்காதீர்கள்.

நொய்யல்கரை:
கோவைக்கு ‘ஆற்றங்கரை’ என்பது பாதி பதில். ஊர் உட்கார்ந்திருக்கும் நிலம் ஒன்று, சுற்றுவட்டாரத்தோடு அதற்குள்ள தொடர்பு இன்னொன்று. நொய்யலின் வடகரை முதலாவது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் கேரளப் பாதையைப் பிடித்திருப்பது இரண்டாவது. ஊர் வளர்ந்ததற்கு இதுதான் பெரிய காரணம். அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி பத்தி போடுங்கள். மேட்டுப்பாளையத்தைப் பாருங்கள்: அகலப் பாதை அங்கே முடிந்து, மீட்டர் கேஜ் பல்சக்கரப் பாதை மலையேறுகிறது. ‘மலையடிவாரம்’ என்று மட்டும் எழுதினால் வண்டி மாறும் ஊர் என்பது காணாமல் போகும்.

அட்டவணைப்பித்தன்:
மூன்றாவது சிக்கலுக்குக் காரணம் நீங்கள் எடுத்த அட்டவணை. சென்சஸின் முதன்மைச் சுருக்க அட்டவணையில் பணியாளருக்கு நான்கே பிரிவு: சாகுபடி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதர. பனியன் கம்பெனித் தொழிலாளியும் ஹோட்டல் ஊழியரும் ‘இதர’வில்தான். சென்சஸின் பி வரிசைப் பொருளாதார அட்டவணையில் தொழில்வாரியாகப் பாருங்கள். வீட்டுத் தொழிலைத் தயாரிப்போடு கூட்ட மறக்காதீர்கள். நெசவு ஊர்களில் தறிக்காரர் அங்கேதான் இருப்பார்.

அடுத்து, ‘எது அதிகமோ அதுவே வகை’ என்று போடாதீர்கள். 1955இல் புவியியலாளர் நெல்சன் 897 அமெரிக்க நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் பணியாளர் சதவீதத்தின் சராசரியும் திட்ட விலக்கமும் (சராசரியிலிருந்து ஊர்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) கண்டு, அவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டினால்தான் முத்திரை குத்தினார். தயாரிப்பில் சராசரி 27.07, விலக்கம் 16.04, ஆக 43.11% வேண்டும். நிதித்துறைக்கோ 3.19 + 1.25 = 4.44% போதும். 40% தயாரிப்பு, 5% வங்கி, காப்பீடு உள்ள ஊர் அவர் கணக்கில் நிதி நகரம்! அந்த எண்களை இங்கே ஒட்டாதீர்கள், சராசரியை நீங்களே போடுங்கள். இருபது ஊர் போதாது. திருப்பூர் ஒன்றே விலக்கத்தை ஊதிப் பெருக்கிவிடும். மாநிலத்தின் முதல் வகுப்பு நகரங்கள் அத்தனையையும் எடுங்கள்.

இன்னொன்று: சென்சஸ் ஆளை எண்ணுவது வீட்டில். ஆவடியில் தூங்கி சென்னையில் வேலை பார்ப்பவர் ஆவடிக் கணக்கில்தான் வருவார். வேலையிடத்தை அறிய, தொழில் நிறுவனங்களை எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வையுங்கள்.

புவிமதி:
மிக்க நன்றி. ஓர் ஊர் இரண்டு தொழிலில் எல்லையைத் தாண்டினால்?

அட்டவணைப்பித்தன்:
இரண்டு முத்திரையும் போடலாம், நெல்சன் முறையில் அதற்குத் தடையில்லை. எதிலுமே தாண்டாவிட்டால் ‘பல்தொழில் நகரம்’.