பள்ளியில் இன்ஹேலர்: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீசிங் உண்டு. மார்கழிப் பனியும் சாக்பீஸ் தூளும் ஆகவே ஆகாது. பையில் இருந்த சால்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலரையும் ஸ்பேசரையும் (இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கும் குழாய்) புது டீச்சர் வாங்கி அலுவலக பீரோவில் பூட்டிவிட்டார். மூச்சு இழுக்கும்போது சாவி தேட முடியுமா?

டாக்டர் சொன்னது இது: படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒரு பஃப் அடித்து, நான்கைந்து முறை மூச்சு விடச் சொல்லி, அப்புறம்தான் அடுத்த பஃப். 10 பஃப்புக்கும் அடங்காவிட்டாலோ, இடையிலேயே உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ உடனே 108.

இதை ஒரே பக்கத்தில் எழுதி வகுப்பில் ஒட்டக் கொடுக்கலாமென இருக்கிறேன். இப்படிச் செய்தவர்கள் மாதிரி அனுப்புவீர்களா? டாக்டர் கடிதமும் கேட்டார்களா? தைலம், கஷாயம் யோசனைகள் மட்டும் வேண்டாம். அதற்கு வீட்டில் மாமியார் இருக்கிறார்.