மென்பவளத் தொட்டிக்கு எல்இடி விளக்கு: எவ்வளவு ஒளி போதும்?

கேள்வி: பல்லடத்துத் தறிவீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். பச்சைக் காளான் பவளங்கள், மூன்று நிறங்களில் ஸோந்திடுகள் (கொத்தாக வளரும் பொத்தான் போன்ற சிறு பவளங்கள்), உள்ளங்கை அகலத்தில் தோல் போன்ற மேற்பரப்புள்ள ஒரு லெதர் பவளம், இரண்டு கோமாளி மீன்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. இதுவரை 39 வாட் டி5 குழல் விளக்குகள் நான்கு எரிந்துகொண்டிருந்தன. குழல்கள் மங்கிவிட்டன, மாற்றுக் குழல்களும் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் மூன்று வாரங்களுக்கு முன் 90 வாட் எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி, நீர்மட்டத்துக்கு மேல் எட்டு அங்குல உயரத்தில் பொருத்தினேன். முதல் நாளிலிருந்தே நீலம், வெள்ளை இரண்டையும் முழு அளவில் வைத்து, காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எரியவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் காளான் பவளங்கள் சுருங்கி ரூபாய் நாணய அளவுக்கு வந்துவிட்டன. ஸோந்திடுகளின் நிறம் வெளிறியிருக்கிறது. லெதர் பவளம் ஐந்து நாட்களாக விரியவில்லை. அதன் மேல் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் தெரிகிறது. பாறைகளில் பச்சை இழைப்பாசியும் பிடித்துவிட்டது. விளக்கு வாங்கிய கடையில் கேட்டபோது, 90 வாட் போதாது, இன்னொரு விளக்கும் வாங்கினால் அக்ரோபோரா போன்ற கடின பவளங்களைக்கூட வளர்க்கலாம் என்றார்கள். 156 வாட்டிலிருந்து 90 வாட்டுக்கு இறங்கியிருப்பதால் அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றுகிறது. இன்னொரு விளக்கு வாங்குவதா, அல்லது பழைய குழல்களுக்கே திரும்புவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நொய்யல்கரை, கோவை

அம்மணி, இன்னொரு விளக்கு வாங்க வேண்டாம். உங்கள் பவளங்கள் ஒளி போதாமல் வாடவில்லை. ஒரே நாளில் ஒளி அளவுக்கு மீறிக் கூடியதால் வாடுகின்றன. இன்று இரவே நீலத்தை 35 விழுக்காட்டுக்கும், வெள்ளையை 10 விழுக்காட்டுக்கும் இறக்கிவிடுங்கள். விளக்கைப் பதினான்கு அங்குல உயரத்துக்கு ஏற்றுங்கள். மொத்த நேரத்தை ஒன்பது மணி நேரமாகச் சுருக்கி, அதிலும் முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் ஒளி படிப்படியாகக் கூடிக் குறையும்படி டைமரில் அமையுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. ஒளி திடீரென்று மிகுந்தால் அந்தப் பாசிகளுக்குள் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன, பவளம் பாசிகளை வெளியேற்றத் தொடங்குகிறது, அதைத்தான் வெளிறுதலாக நாம் பார்க்கிறோம். மாறாக, ஒளி போதாவிட்டால் ஸோந்திடுகள் ஒளியைத் தேடித் தண்டை நீட்டும், பல பவளங்கள் பழுப்பேறும். உங்கள் தொட்டியில் நடப்பது முதல் வகை.

வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை மட்டுமே சொல்லும். லூமென் மனிதக் கண்ணை வைத்து அமைந்த அளவு. நம் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில்தான் மிகக் கூர்மையாகப் பார்க்கும் என்பதால், பவளத்துக்கு வேண்டிய நீலத்தை லூமென் குறைத்தே காட்டும். நமக்கு வேண்டியது 'பார்' (PAR) என்னும் அளவு: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. காளான் பவளங்களுக்கு 50-ஐ ஒட்டியும், ஸோந்திடுகளுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 வரையிலும் இருந்தால் தாராளம். டி5 குழல் தொட்டி முழுவதும் ஒரே சீராக ஒளியைப் பரப்பும். எல்இடியோ லென்ஸின் கீழ் குவித்துக் கொட்டும். என் தொட்டியும் உங்களுடையதைப் போலவே ஒன்றரை அடி உயரம்தான். அதில் ஒரு 90 வாட் விளக்கை முழு அளவில் வைத்து அளந்தபோது, நடுப்பாறையின் உச்சியில் 340-ம், அதே உயரத்தில் ஓர் அடி தள்ளி 150-க்கும் குறைவாகவும் காட்டியது. வாட் குறைந்தும் உங்கள் பவளங்கள் ஏன் கருகின என்பது இதிலிருந்து புரியும். காளான் பவளங்களைப் பாறை நிழலுக்கோ மணல் மட்டத்துக்கோ இறக்கி வையுங்கள்.

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள். நிறம் திரும்பத் தொடங்கினால் வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் நீலத்தை ஏற்றலாம். என் கணிப்பில் 55-க்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. அளக்காமல் ஏற்ற மனம் ஒப்பவில்லை என்றால், என் பார் மீட்டரைக் கொண்டுவந்து காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பல்லடம் வழியாகத்தான் போகிறேன். கைபேசியில் ஒளியை அளக்கும் செயலிகளை நம்ப வேண்டாம், அடர்நீலத்தில் அவை பெரிதும் தவறுகின்றன.

பதில்: பவானிக்கூடல்

அண்ணன் சொன்ன ஒளி அளவுகளில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அக்ரோபோரா பற்றி மட்டும் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். பாறை கட்டும் கடின பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-ஆம் ஆண்டு முதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான மன்னார் வளைகுடாப் பாறைகள் 2010-இலும் 2016-இலும் கடல் வெப்பத்தால் வெளிறியவை. அங்கிருந்து ஒரு கிளைகூட நம் வீட்டுத் தொட்டிக்கு வரக் கூடாது என்பதில் நாம் உறுதியாக இருக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு கருத்து. கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு ஒளி ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, நீலமே ஆழத்துக்குப் போகிறது. ஆகவே 440 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ராயல் ப்ளூவே முதன்மையாக இருக்கட்டும். வெள்ளையையும் சிவப்பையும் நம் கண்ணுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும். ஆனால் நாள் முழுவதும் வெறும் நீலத்தில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, பவளம் வெளிறுவதும் புண்படுவதும் அந்த ஒளிர்வில் மறைந்துவிடும். இழைப்பாசிக்கு விளக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சோதித்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் நைட்ரேட்டும் தொட்டிக்கு ஆகாது. பாஸ்பேட்டை அறவே இல்லாமல் ஆக்கிவிடவும் கூடாது. உணவற்ற நீரில் ஒளியும் மிகுந்தால் மென்பவளங்கள் இன்னும் வெளிறும்.

பதில்: சோமனூர் ஊடை

உங்கள் பெயரிலேயே தறி இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. எட்டு மாதங்களில் விளக்கின் விசிறியும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கும் பஞ்சுத் துகள் அடைத்து, விளக்கு சூடேறித் தானாக அணையத் தொடங்கியது. எல்இடியின் வெப்பம் நீருக்குள் இறங்குவதைவிட விளக்கின் முதுகில்தான் பெரும்பாலும் தேங்குகிறது, அது வெளியேறாவிட்டால் டையோடுகளின் ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை விளக்கைக் கழற்றி, மென்தூரிகையால் பஞ்சை எடுத்துவிடுங்கள். ஆடிக் காற்று வீசும் நாட்களில் இருமுறை செய்யுங்கள். லென்ஸில் படியும் உப்பை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புப் படலம் ஒளியைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால், நீண்ட நாள் விட்டுத் துடைத்த அன்று ஒளியை ஐந்து விழுக்காடு குறைத்து வைப்பது நல்லது.

மின்தடைக்கு விளக்கை இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் இருட்டு பவளத்தைக் கொல்லாது, தொட்டி நீரை ஓடவைக்கும் அலை மோட்டார் நின்றால்தான் ஆபத்து. ஆனால் மின்சாரம் திரும்பியதும் விளக்கு பழைய அமைப்பிலேயே எரிகிறதா என்று பாருங்கள். என் முதல் விளக்கு ஒவ்வொரு தடைக்குப் பிறகும் முழு அளவுக்குத் தாவியது.

கேள்வியாளர்: பல்லடத்துத் தறிவீடு

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே குறைத்துவிட்டேன். லெதர் பவளத்தின் மீதுள்ள படலம் நோயா என்பது மட்டும் கவலையாக இருக்கிறது.

பதில்: நொய்யல்கரை, கோவை

நோயில்லை அம்மணி. லெதர் பவளம் அவ்வப்போது மேல்தோலை உரிக்கும். பாசியும் அழுக்கும் படிந்த அந்த மெழுகுப் படலம் கழன்று போகும்வரை ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் மூடியே இருக்கும். கையால் உரிக்காமல், அலை மோட்டாரின் ஓட்டம் அதன் மேல் இலேசாகப் படும்படி திருப்பி வையுங்கள். தண்டு மென்மையாகிக் குழைந்தாலோ துர்நாற்றம் வந்தாலோ மட்டும் உடனே எழுதுங்கள்.

கேள்வியாளர்: பல்லடத்துத் தறிவீடு

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். படலம் ஒன்பதாம் நாள் கழன்றது, லெதர் முன்பைவிட அகலமாக விரிகிறது. அண்ணன் வந்து அளந்ததில், நீலம் 45 விழுக்காட்டில் ஸோந்திடு பாறையில் 105-ம், மணல் மட்டத்துக் காளான்களின் மேல் 55-ம் இருந்தன, அங்கேயே நிறுத்திவிட்டேன். வலது ஓரத்து ஸோந்திடுகளில் ஒரு திட்டு இன்னும் வெளிறியே இருக்கிறது. மற்றவை பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. குழல்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தபோது இரண்டு மாதக் கணக்கில் 94 யூனிட் வரை விளக்குக்கே போனது. இப்போது முழு 90 வாட் என்று வைத்துக் கணக்கிட்டாலும் 49 யூனிட்டைத் தாண்டவில்லை. ஹீட் சிங்க்கைத் திறந்து பார்த்தேன், சோமனூர் நண்பர் சொன்னதுபோல இரண்டே மாதத்தில் விரல்நுனி அளவுக்குப் பஞ்சு சேர்ந்திருந்தது.