செடிகளின் நிறப்பொருளான ஆந்தோசயனினுக்குத் தமிழில் "செந்நிறமி" என்ற பெயர் பொருந்துமா?

> ஆந்தோசயனின் = செந்நிறமி என்று வைத்துக்கொள்ளலாம். பீட்ரூட், மாதுளை, நாவல் எல்லாவற்றிலும் இருப்பது இதுதானே.

ஐயா, பீட்ரூட்டை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது பீட்டாலைன், நைட்ரஜன் உள்ள வேறு சரக்கு. தண்டுக்கீரைச் சிவப்பு, காகிதப்பூ, அந்திமந்தாரை, டிராகன் பழம் எல்லாம் அந்தக் கட்சி. நாவல், மாதுளை, கத்தரித்தோல், சங்குப்பூ ஆந்தோசயனின் கட்சி. இயற்கையில் ஒரே செடி இரண்டையும் செய்வதில்லை.

அப்புறம், சிவப்பென்று பெயர் வைத்துவிட்டுச் சங்குப்பூ நீலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பூ, கருநீலம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் மார்க்வார்ட் வைத்த பெயர்தான் ஆந்தோசயனின். அவரும் ஒரு நிறத்தில்தான் மாட்டிக்கொண்டார். சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, சோடா உப்புப் போட்டால் பச்சை, ஆனால் பீட்ரூட் சாற்றில் எலுமிச்சை பிழிந்தாலும் அது பாட்டுக்குச் சிவப்பாகவே இருக்கும். புளிப்புக்கும் காரத்துக்கும் (மிளகாய்க் காரம் இல்லை!) நிறம் திரிவதால் "திரிநிறமி" என்கிறேன். விளக்குத்திரி நினைவுக்கு வரும், பரவாயில்லை.

நான் எழுதுவது சத்துணவுக் கட்டுரை, அதனால்தான் இந்த அடம். சிவப்பை எல்லாம் ஒரு பெயரில் அடைத்தால் தக்காளியும் உள்ளே வந்துவிடும். தக்காளியின் லைகோபீன், கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கு உறவு. இரண்டும் கொழுப்பில் கரைபவை, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஒட்டும். ஆனால் பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆகும், லைகோபீன் ஆகாது. ஆந்தோசயனினும் பீட்டாலைனும் நீரில் கரைபவை, வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும்.

> தம்பி, மஞ்சளும் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதே, ஆரத்தித் தட்டைப் பார்த்ததில்லையா? அதுவும் திரிநிறமியா? நிறம் மாறுவதைச் சொல்லப் பாடநூலில் "நிறங்காட்டி" ஏற்கெனவே இருக்கிறது.

ஆரத்தித் தட்டு நினைவுக்கே வரவில்லை ஐயா. மஞ்சளில் இருப்பது குர்குமின், அது இரண்டு கட்சியிலும் இல்லை, ஆனால் என் சொல் அதையும் இழுத்துக்கொள்கிறது. சரி, திரிநிறமியைத் திரும்பப் பெறுகிறேன். பச்சையம் மாதிரி ஒரு சொல் யாருக்காவது வாய்க்கும்வரை கட்டுரையில் ஆந்தோசயனின் என்றே போடுகிறேன். செந்நிறமி மட்டும் வேண்டாம்.