சிவில் ஹானர்ஸா, பொது நிர்வாக மைனரா?

ஏரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் சிவில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். சிஜிபிஏ 8.6, அரியர் கிடையாது. 2021 ரெகுலேஷன் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐந்தாம் செமஸ்டரிலிருந்து விருப்பப்பட்டால் கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு தாள் படிக்கலாம். சொந்தத் துறையிலேயே படித்தால் பி.இ. ஹானர்ஸ், வெளியே போய்ப் படித்தால் மைனர். ஹானர்ஸ் வேண்டுமென்றால் எல்லாத் தாளும் முதல் முறையிலேயே பாஸாகியிருக்க வேண்டும், சிஜிபிஏ 7.50க்குக் குறையக் கூடாது. மைனருக்கு மற்ற இன்ஜினியரிங் துறைகள் போக, ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், சுற்றுச்சூழல் என்றெல்லாம் உண்டு.

எனக்குப் பொது நிர்வாகம் படிக்க ஆசை. எங்கள் ஊர் ஏரி மதகு உடைந்து கிடக்கிறது. சரி செய்யச் சொல்லி அப்பாவோடு மனுவை எடுத்துக்கொண்டு அலைந்தபோதுதான், ஏரிக்கு நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்பதே தெரியவந்தது. மதகைக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது என்று அன்றைக்குத் தோன்றியது. எங்கள் துறைத் தலைவரோ, "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு மைனரா? ஒழுங்காக ஹானர்ஸ் எடு" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கான்கிரீட்காரன்:
ஹானர்ஸ் எடும்மா. சென்னையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகத்தில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலைதான். ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பீமைத் தாளில் வரைந்து கொடுத்து, பெண்டிங் மொமென்ட் டயகிராம், அதாவது பீமை வளைக்கிற விசை எங்கே எவ்வளவு என்று காட்டுகிற படம், போடச் சொல்வேன். அப்புறம், நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மெயின் கம்பி மேலே வருமா, கீழே வருமா என்று கேட்பேன். இவ்வளவுதான். பயோடேட்டாவில் பைத்தான், டிஜிட்டல் மார்க்கெட்டிங், தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒரு பக்கம் முழுக்கச் சான்றிதழ் வைத்திருக்கிற பிள்ளை, கம்பியைக் கீழே வரைந்து வைக்கிறது. பால்கனி ஸ்லாபில் அப்படிப் போட்டால் விழுந்துவிடும், கீழே ஆள் நிற்பான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இப்படி வருவதுதான் எனக்கு வேதனை. நாலு வருஷத்தில் ஒரு துறையையாவது முழுசாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வார்டு இன்ஜினியர்:
சார், கம்பி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிவில் என்பது அதோடு முடிந்துவிடவில்லை. நான் ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளர். ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் போடுவதில் டிசைன் கொஞ்ச நேர வேலை. எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, மன்றத் தீர்மானம், டெண்டர், எம்-புக் (முடித்த வேலையை அளந்து எழுதுகிற புத்தகம்) பதிவு, பில், கடைசியில் தணிக்கை என்று மற்றதுதான் மாதக் கணக்கில் இழுக்கும். 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வடிகால், வாட்டமெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தோம். முனையில் இருக்கிற கல்வெர்ட் (சிறுபாலம்) இன்னொரு துறையுடையது. இணைக்க அனுமதி வந்து சேரவில்லை, மழை வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தத் தெருப் பெண்கள் என்னைத்தான் கேட்டார்கள். இந்தப் பெண் மனுவோடு அலைந்து கற்றுக்கொண்டதை எங்கள் படிப்பில் யாரும் ஒரு மணி நேரம் கூடச் சொல்லித் தரவில்லை.

கான்கிரீட்காரன்:
மேடம், அந்த நாற்காலிக்கு நீங்கள் வந்தது டிஎன்பிஎஸ்சி எழுதித்தானே? அதில் பட்டப்படிப்புத் தரத்தில் சிவில் தாள் இருக்கிறது. பொது நிர்வாக மைனர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. டெண்டர் சட்டத்தை வேலைக்கு வந்து படித்துக்கொண்டீர்கள், முடிந்தது. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸை வேலைக்கு வந்து படிக்க எந்த அலுவலகத்திலும் நேரம் தர மாட்டார்கள். வெளியே கற்க முடியாததைக் கல்லூரியில் கற்றுக்கொள் என்றுதான் சொல்கிறேன்.

வெண்ணாறு:
சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1976இல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தவர். அப்புறம் சான்டியேகோ போய் உயிரியல் மாணவராக வகுப்பில் உட்கார்ந்தார். 2009இல், செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக வேதியியல் நோபல். தன் துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

கான்கிரீட்காரன்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் போனார். பாதியில் எட்டிப் பார்க்கவில்லை. என் பக்கத்துக்குத்தான் அவர் நல்ல சாட்சி.

வெண்ணாறு:
அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. பிஎச்.டி. வரைக்கும் போனவர் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அத்தனை வருஷம் அவரால் கொடுக்க முடிந்தது. மனு எழுதிக்கொண்டு அலைகிற குடும்பத்துப் பெண்ணால் முப்பது வயதுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை மாணவியாக முடியுமா? இருபது வயதில் ஆறு தாள் படித்துப் பார்ப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். பிடிக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

சாக்பீஸ்:
நான் ஓர் இணைப்புக் கல்லூரி ஆசிரியர். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: அந்த வகுப்பு எப்போது நடக்கும், யார் எடுப்பார்? நான் இருக்கிற கல்லூரியில் மைனர் வகுப்பு கடைசிப் பீரியடுக்குப் பிறகுதான். டே ஸ்காலர்களின் பேருந்து 4.40க்குக் கிளம்பிவிடும். அதற்கப்புறம் டவுன் பஸ் மாறி வீடு சேர எட்டு மணி. முதல் மாதம் பின்பெஞ்சு வரைக்கும் ஆள் இருக்கும். இரண்டாம் இன்டர்னல் வருவதற்குள் ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள். பொது நிர்வாகத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது, எங்கள் நிர்வாகவியல் துறையில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் எடுப்பார். ஆசை நியாயமானதுதான். ஸ்லைடைப் படித்துக் காட்டுகிற வகுப்புக்காக அதைச் செலவழித்துவிடாதேம்மா. உன் கல்லூரியில் நிலைமை என்ன என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

தருமபுரி பஸ்:
சார் சொன்ன அந்த எட்டு மணிப் பஸ்ஸில் போனவன் நான், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. துறைக்கு வெளியே உள்ள வாய்ப்பு என்றால் இன்டர்ன்ஷிப், ஹேக்கத்தான், மாநாடு என்று பட்டியல் போடுவார்கள். அதற்கெல்லாம் சென்னையில் தங்க இடமும் தெரிந்த ஆளும் வேண்டும். என் மாதிரிப் பையனுக்கு, படிக்கிற கட்டடத்துக்குள்ளேயே கிடைத்து, சான்றிதழிலும் ஏறுகிற வெளித் துறைப் படிப்பு என்றால் இந்த மைனர்தான். அதைப் போய் மார்க் குறைந்தவர்களுக்கானது என்பது போல ஒரு துறைத் தலைவரே பேசினால் எப்படி?

இன்னொரு வழியும் உண்டு. என்பிடெல், ஐஐடிகள் நடத்துகிற இணையப் படிப்பு. படிக்கக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் ஆயிரம் ரூபாய். மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. பஸ்ஸிலேயே வீடியோ பார்த்து ஒரு பன்னிரண்டு வாரக் கோர்ஸை முடித்தேன். அதனால் ஹானர்ஸ், மைனர் இரண்டில் எதை எடுத்தாலும் மற்றதை முழுக்க விட வேண்டியதில்லை.

வார்டு இன்ஜினியர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒன்று மட்டும் கூடுதலாக: சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அதற்காக மட்டும் மைனர் எடுக்காதே கண்ணு, அந்தப் பாடத்திட்டம் பெரிய கடல். உன் ஏரிக்காக எடு.

ஏரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இன்று விசாரித்தேன். நான் ஹாஸ்டல், அதனால் பஸ் பிரச்சினை இல்லை. வகுப்பு எடுக்கப் போகிறவர் உள்ளாட்சி நிதி பற்றி ஆய்வு செய்தவர் என்கிறார்கள். நேரில் போய்ப் பேசினேன். மதகுக் கதையைச் சொன்னதும், ஊராட்சி ஒன்றியத்தில் எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மைனருக்குத்தான் படிவம் கொடுக்கப் போகிறேன். கான்கிரீட் அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் எனக்கு உள்ள புரொபஷனல் எலக்டிவ் (துறைக்குள் நாமே தேர்ந்தெடுக்கிற தாள்) எல்லாவற்றையும் ஸ்ட்ரக்சர் பக்கமே எடுக்கிறேன். என்பிடெலிலும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்.

கான்கிரீட்காரன்:
இப்போதும் நான் ஹானர்ஸ்தான் சொல்வேன். எலக்டிவும் அந்த கூடுதல் ஆறு தாளும் ஒன்றாகாது, எட்டாம் செமஸ்டரில் அந்த இடைவெளி உனக்கே தெரியும். முடிவு உன்னுடையது, சரி. ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தொடங்குவதற்குள் கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 456ஐ ஒரு முறை முழுக்கப் படித்துவிடு, கைடு வேண்டாம். இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கிற பீம் ஒன்று, மூன்று ஸ்பான் தொடர் பீம் ஒன்று, இரண்டுக்கும் டயகிராமும் கம்பியும் கையால் வரைந்து இங்கே படம் போடு. திருத்தித் தருகிறேன்.