சிங்கப்பூர் 2020 தளர்வு: டோர்ம் (விடுதி) தொழிலாளர்களுக்கும் அதே தேதிகளா?

புதுகை மாணவி:
வணக்கம். சிங்கப்பூர்ல கொரோனா கட்டுப்பாடுகளைக் கட்டம் கட்டமா தளர்த்தினது பத்தி காலேஜ் ப்ராஜெக்ட் எழுதுறேன். 2020 ஜூன் 2 முதல் கட்டம், ஜூன் 19 ரெண்டாவது, டிசம்பர் 28 மூணாவதுன்னு குறிச்சு வச்சிருக்கேன். அங்க வேலை பார்த்த எங்க மாமா, "எங்களுக்கு ஏதும்மா கட்டம்?"ங்கிறார். எது சரி?

ஈசூன்வாசி:
தேதியெல்லாம் சரிதான். ஏப்ரல் 7-ல மூடினாங்க, ஜூன் 1 வரைக்கும். ரெண்டாவது கட்டத்துல அஞ்சு பேர் சேர்ந்து கடையில உக்காந்து சாப்பிடலாம்னு விட்டாங்க, மூணாவதுல எட்டு பேர். ஆனா இது எங்களை மாதிரி வீட்ல இருந்தவங்களுக்கு. டோர்ம்ல இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

கம்பி கட்டுனவன்:
தங்கச்சி, உங்க மாமா சொல்றது உண்மை. நான் கட்டுமானத்துல கம்பி கட்டுற வேலை. ஒரே ரூம்ல அடுக்குக் கட்டில் போட்டு 12 பேர் இருந்தோம். ஏப்ரல்ல கேட்டை மூடினவங்க, ஜூன் 19 அன்னைக்கு ஊரே வெளிய வந்தப்பவும் திறக்கல. டோர்மெல்லாம் கிருமி இல்லைன்னு முடிவாக ஆகஸ்ட் ஆச்சு.

அதுக்கப்புறம் எங்க கட்டத்தை முடிவு பண்ணுனது போன்தான். ஆப்ல பச்சை வந்தா வேலைக்கு லாரி ஏறலாம், சிவப்புன்னா ரூம்லயே கிடக்கணும். ராத்திரி பச்சையா இருந்தது விடிஞ்சதும் சிவப்பா மாறியிருக்கும். ஏன்னு கேட்டா சூப்பர்வைசருக்கும் தெரியாது. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மூக்குல குச்சி விட்டு டெஸ்ட். வேலை, டோர்ம், வேலை. லீவு நாள்ல பொழுதுபோக்கு மையத்துக்குப் போகவும் பாஸ் வாங்கணும்.

நோய் வந்ததால அடைச்சாங்க, அதை நான் தப்புன்னு சொல்லல. டோர்ம்ல இருந்த 3 லட்சத்துக்கும் மேலானவங்கள்ல 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்குன்னு அரசாங்கமே 2020 டிசம்பர்ல சொல்லுச்சு. அவ்வளவு பேருக்கு வந்து போன பிறகும் வருஷக்கணக்கா உள்ளயே வச்சாங்களே, அதுதான் இன்னிக்கும் மனசு ஆறல. ஊர்ல தம்பிக்குக் கல்யாணம். தாலி கட்டுறதை வீடியோ கால்ல பார்த்துட்டு, அந்தச் சந்தோஷத்துக்கு லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்காவுல போய் ஒரு வேளை சாப்பிடக்கூட வழியில்லாம இருந்தேன்.

புதுகை மாணவி:
அண்ணே, அப்போ தேக்காவுக்கு எப்ப விட்டாங்க?

கம்பி கட்டுனவன்:
2021 செப்டம்பர்ல முதல்ல, ஊசி போட்டவங்கள்ல வாரத்துக்கு 500 பேர்னு ஆரம்பிச்சாங்கம்மா. போறதுக்கு முன்னாடி டெஸ்ட், குறிப்பிட்ட மணி நேரம்தான். அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போனாங்க. 2022 ஜூன் 24-லதான் பொதுவான வெளியேறும் பாஸை எடுத்தாங்க. அப்பவும் ஞாயித்துக்கிழமை, அரசு விடுமுறைல லிட்டில் இந்தியா மாதிரி நாலு இடத்துக்கு மட்டும் தனி பாஸ் இருந்துச்சு. ப்ராஜெக்ட்ல அந்த மூணு தேதிக்குப் பக்கத்துலயே இதையும் போடுங்க. மாமாகிட்ட எந்த டோர்ம்னு கேளுங்க, டோர்முக்கு டோர்ம் நிலைமை வேற.