லிடோகெய்ன் பேட்சுக்கு இன்ஷூரன்ஸ் மறுப்பு: அப்பீல் போடுவதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தேன்கூடு:
அமெரிக்கா, கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸ். வயது 66, இன்னும் வேலையில் இருக்கிறார். விலாவில் அக்கி வந்து ஆறியபின் ஏழு மாதமாக நரம்பு வலி. சட்டை உரசினாலே எரிச்சல். கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தை 300 மி.கி. மூன்று வேளை எடுத்ததில் தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கம். டாக்டர் தோலில் ஒட்டி மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் 5 சதவீத பேட்ச் எழுதினார், ஒரு நாளைக்கு 3. பார்மசியில் இன்ஷூரன்ஸின் மறுப்புக் கோட் 75 வந்தது என்று திருப்பிவிட்டார்கள். டாக்டர் ஆபீஸ் முன்அனுமதி கேட்டு அனுப்பியதற்கு வந்த பதில்: நோய்க்குறிப்பு விதிக்குள் வரவில்லை, முதல்நிலை மருந்துகளைப் போதிய அளவில் முயன்றதற்கு ஆதாரம் இல்லை. உடனே அப்பீல் போட வேண்டுமா?

மருந்துச்சீட்டு:
பொறுங்கள், முதலில் டாக்டர் ஆபீஸ் அனுப்பிய முன்அனுமதிப் படிவத்தின் நகலை வாங்குங்கள். அதில் என்ன நோய்க் கோட் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும்.

5 சதவீத பேட்சுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் கொடுத்த அனுமதி ஒரே ஒரு நோய்க்குத்தான்: அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலி. உங்கள் வீட்டில் இருப்பது அதேதான். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர் அவசரத்தில் எம்79.2, அதாவது "குறிப்பிடாத நரம்பு வலி" என்றோ, ஜி89.29, அதாவது "பிற நாள்பட்ட வலி" என்றோ போட்டுவிடுவார். இன்ஷூரன்ஸில் சரிபார்ப்பவருக்கு அக்கி என்ற சொல்லே கண்ணில் படாது. விலாப் பக்கம் என்றால் பி02.29 இருக்க வேண்டும். முகத்து நரம்பு என்றால் பி02.22.

கோட்தான் தவறு என்றால் திருத்திய முன்அனுமதியை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அப்பீலைவிட இது சீக்கிரம் முடியும். அக்கி வந்த தேதி, எந்தப் பக்கம், எந்த இடம் என்பது டாக்டரின் குறிப்பிலும் எழுதியிருக்க வேண்டும். கோடை மட்டும் மாற்றி, குறிப்பில் வெறும் "முதுகு வலி" என்று இருந்தால் திரும்பவும் மாட்டிக்கொள்வீர்கள்.

75 என்பது "முன்அனுமதி தேவை" என்று மட்டும் சொல்கிறது, அது முடிவான மறுப்பு அல்ல. 70 வந்தால் மருந்தே திட்டத்தில் இல்லை என்று பொருள். 76 என்றால் எண்ணிக்கை வரம்பு. 608 என்றால் வேறு மருந்தை முதலில் முயல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பார்மசியில் கோட் எண்ணோடு கீழே வரும் குறிப்பு வரியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நரம்புமுடிச்சு:
இரண்டாவது காரணத்தை லேசாக விடாதீர்கள். கோட் திருத்திய பிறகும் அதைக் காட்டியே மறுக்கலாம்.

இந்த வலிக்கு கபாபென்டினின் லேபிளில், அதாவது எஃப்டிஏ ஏற்ற மருந்துக் குறிப்பில், உள்ள இலக்கு ஒரு நாளைக்கு 1800 மி.கி. அவர் எடுத்தது 900. "பாதி டோஸில் நிறுத்திவிட்டு மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள்" என்றுதான் இன்ஷூரன்ஸில் படிப்பார்கள். ஆகவே "கபாபென்டின் பயன்படவில்லை" என்ற ஒற்றை வரி வேண்டாம். எந்தத் தேதியில் எந்த டோஸ், எந்த டோஸில் தலைசுற்றல், எத்தனை வாரம் பொறுத்தார், ஏன் மேலே ஏற்ற முடியவில்லை என்று இருக்க வேண்டும். நடக்கும்போது தடுமாறியிருந்தால் அதுவும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற லேப் அளவையும் பாருங்கள். கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30க்கும் 59க்கும் இடையே இருந்தால் லேபிளே நாளொன்றுக்கு 400 முதல் 1400 வரைதான் சொல்கிறது. அப்போது 900 முழு முயற்சிதான். அந்த லேப் அறிக்கையை இணையுங்கள்.

இந்த வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான அமிட்ரிப்டிலினை முயலவில்லையே என்று கேட்டால்: 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், 2023 பதிப்பிலும் இருக்கிறது. டாக்டர் கடிதத்தில் ஒரு வரி போதும்.

இதற்கிடையில் கபாபென்டினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதானால் குறைந்தது ஒரு வாரத்தில், டாக்டர் சொல்லும் கணக்கில்.

கோப்புக்கட்டு:
அப்பீல் பக்கம். மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போட வேண்டும். திருத்திய முன்அனுமதி போட்டதற்காக இந்தக் கடிகாரம் நிற்கும் என்று நம்பாதீர்கள், இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். மருந்து வாங்கும் முன் வந்த மறுப்பு என்றால் அப்பீலுக்கு இன்ஷூரன்ஸ் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கட்ட அப்பீல் உள்ள திட்டங்களில் கட்டத்துக்கு 15 நாள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: உயிருக்கு ஆபத்து இருந்தால்தான் "அவசர" அப்பீல் என்பதில்லை. இந்த மருந்து இல்லாமல் சமாளிக்க முடியாத கடும் வலி என்று நோயாளியின் நிலை அறிந்த டாக்டர் சொன்னாலே கூட்டாட்சி விதிப்படி அது அவசரம். அப்போது பதில் 72 மணி நேரத்தில். அந்தச் சொற்களை அப்படியே டாக்டர் எழுத வேண்டும்; "நோயாளிக்கு அசௌகரியம்" என்று எழுதினால் வரிசையில் போய் நிற்கும்.

கூடவே உங்கள் க்ளெய்ம் கோப்பையும் அவர்கள் பயன்படுத்திய மருத்துவ விதியையும் எழுத்தில் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். விதியின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று காட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். பத்துப் பக்க ஆய்வுக் கட்டுரையை யாரும் புரட்டுவதில்லை. முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ அப்பீலைத் தீர்மானிக்கக் கூடாது.

அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளி மறுஆய்வு கேட்கலாம். சுயேச்சை நிறுவனம் 45 நாளுக்குள் முடிவு சொல்லும், அந்த முடிவு இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்தும்.

கம்பெனி ஹெச்.ஆரிடம் ஒரு கேள்வி: திட்டம் செல்ஃப்-ஃபண்டடா, அதாவது மருத்துவச் செலவைக் கம்பெனியே தன் பணத்தில் கொடுக்கிறதா? கார்டில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஆமாம் என்றால் புகார் தொழிலாளர் துறைக்கு. மாநில இன்ஷூரன்ஸ் துறை கைவிரித்துவிடும், "முதலில் வேறு மருந்து" என்பதைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்களும் உதவாது.

தேன்கூடு:
படிவத்தில் எம்79.2தான் இருக்கிறது! திருத்தி அனுப்பச் சொல்லியாயிற்று. பதில் வரும்வரை கைக்காசு போட்டு வாங்கலாமா? சீட்டு இல்லாமல் கிடைக்கும் 4 சதவீதம்?

மருந்துச்சீட்டு:
4 சதவீதத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாம், ஆனால் 5உடன் சேர்த்து அல்ல. எதுவானாலும் புண் முழுக்க ஆறிய தோலில் மட்டும், மேலே சூட்டு ஒத்தடம் கூடாது. 5 சதவீதத்துக்கு 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் இடைவெளி, ஒரே சமயத்தில் 3க்கு மேல் வேண்டாம்.

கைக்காசு என்றால் ரசீதோடு, பையில் ஒட்டி வரும் மருந்து விவரச் சீட்டையும் வையுங்கள். அதில் உள்ள என்டிசி எண் (மருந்தின் அடையாள எண்) இல்லாமல் பணம் திரும்பக் கேட்க முடியாது. மருந்து வாங்கிய தேதியிலிருந்தே செல்லும்படி அனுமதியைத் தரச் சொல்லி டாக்டர் ஆபீஸ் கேட்க வேண்டும். தள்ளுபடிக் கூப்பனில் வாங்கினால் அந்தத் தொகை பெரும்பாலும் டிடக்டிபிளில் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகையில்) சேராது.

அனுமதிக் கடிதம் வந்ததும் எண்ணிக்கையைப் பாருங்கள். நாளுக்கு 3 என்றால் 30 நாளுக்கு 90 பேட்ச். 30 என்று மட்டும் அனுமதித்திருந்தால் அடுத்த முறை பார்மசியில் 76 வந்து நிற்கும். அனுமதி முடியும் தேதியையும் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.