அம்மாவின் காலில் ரத்தக் கட்டி: கரைப்பது மாத்திரையா, உடம்பா?

பாலக்கோட்டான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. தக்காளித் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டுக் கட்டிலோடு கிடந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு பார்த்தால் அந்தக் கால் மட்டும் தொடை வரைக்கும் வீங்கியிருந்தது, கெண்டைச்சதையைத் தொட்டால் சூடு, அமுக்கினால் வலி. தர்மபுரிக்குக் கூட்டிப்போய் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். முதலில் வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள், கூடவே வார்ஃபாரின் மாத்திரை ஆரம்பித்தார்கள், இப்போது மாத்திரை மட்டும்தான், குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம்.

என் குழப்பம் இதுதான். போன வருடம் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கட்டியைக் கரைக்கும் ஊசி என்று ஒன்றைப் போட்டார்கள், அன்றைக்கே அடைப்பு விட்டுவிட்டது. அம்மாவுக்கு ஏன் அதைப் போடவில்லை? மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இவ்வளவு நாளாகியும் வீக்கம் முழுசாக வடியவில்லை, மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று வீட்டில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரர், கிருஷ்ணகிரி:

தம்பி, கட்டியைக் கரைப்பது அம்மாவின் உடம்புதான். ஊசியும் மாத்திரையும் அது மேற்கொண்டு வளராமல் தடுத்து வைக்கின்றன, அந்த அவகாசத்தில் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நான் மருந்தாளுநர், இதே மாத்திரையை வாங்க வருகிறவர்களுக்குத் தினமும் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

கதிரறுக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிட்டது என்று வையுங்கள். முதலில் வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் தானே சுருங்கும். குழாயின் உட்சுவர் கிழிந்த இடத்தில் அடியிலுள்ள கொலாஜன் நார் வெளியே தெரியும், டெங்கு காய்ச்சலில் எண்ணிப் பார்க்கிறார்களே அந்தத் தட்டணுக்கள் (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும்) அந்த நாரில் போய் ஒட்டிக்கொண்டு, ரசாயனங்களைக் கக்கி மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். இது தற்காலிக அடைப்புதான், வேகமான ஓட்டத்தில் நிற்காது. அதே சமயத்தில் கல்லீரல் ஏற்கெனவே செய்து ரத்தத்தில் விட்டிருக்கும் உறைவுக் காரணிகள் ஒன்றை ஒன்று தூண்டிவிட, கடைசியில் திராம்பின் என்ற நொதி உண்டாகும். ரத்தத்தில் கரைந்த நிலையில் ஓடும் ஃபைப்ரினோஜனை இந்தத் திராம்பின் வெட்டி ஃபைப்ரின் இழைகளாக ஆக்கிவிடும், 13ஆம் காரணி வந்து அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும். தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டால் கட்டி தயார்.

எனக்கு எப்போதும் பெரிய ஆச்சரியம் இதற்கு அடுத்ததுதான். கட்டி உண்டாகும்போதே அதைக் கரைக்கப்போகும் பொருளும் உள்ளேயே சேர்ந்து மாட்டிக்கொள்கிறது, அதன் பெயர் பிளாஸ்மினோஜன். சும்மா இருக்கும் அதைக் குழாயின் உட்சுவர் செல்கள் மெதுவாக விடும் டி.பி.ஏ. என்ற பொருள் வந்து பிளாஸ்மினாக மாற்றும், பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கும். டி.பி.ஏ. ஃபைப்ரின்மேல் உட்கார்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், பிளாஸ்மின் தப்பித்து ரத்தத்தில் கலந்தாலோ வேறொரு புரதம் உடனே பிடித்து முடக்கிவிடும். அதனால்தான் கரைப்பு கட்டிக்குள்ளேயே நடக்கிறது, ஊரெல்லாம் ரத்தம் ஒழுகுவதில்லை.

அம்மாவுக்கு வந்ததற்குக் காரணம் தெளிவு. ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவரில் அடிபடுவது, ரத்தம் உறையும் தன்மை கூடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் உள்ளேயே உறையும், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ பெயரில் இன்றும் இதைச் சொல்கிறார்கள். நடக்கும்போது கெண்டைச்சதை பிழிந்து பிழிந்துதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, மாவுக்கட்டுக்குள் அது அசையவே இல்லை, எலும்பு முறிந்த அடியும் கூட இருக்கிறது.

மாமாவுக்குப் போட்டது டெனெக்டிபிளேஸோ ஸ்ட்ரெப்டோகைனேஸோ ஆக இருக்கும். அது பிளாஸ்மினை ஒரே மூச்சில் ஏராளமாகக் கிளப்பிவிடும் மருந்து. இதயத் தமனி அடைத்தால் நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கும், அதனால் முதல் 12 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போடுகிறார்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதில் உண்டு. கால் சிரைக்கு அவ்வளவு அவசரம் இல்லை, உடம்பு நிதானமாகக் கரைக்கட்டும் என்று விடுவதுதான் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. வீக்கம் வடிய வாரங்களும் மாதங்களும் ஆகும், சிலருக்குச் சிரை வால்வு கெட்டு லேசான வீக்கம் நிரந்தரமாகவும் நிற்கலாம், அதை வைத்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் குத்தினாலோ, இருமும்போது ரத்தம் வந்தாலோ, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

காரிமங்கலத்தார்:

எங்கள் பக்கம் இதற்கெல்லாம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் காலை மேலிருந்து கீழாக உருவி விடுவார்கள், தினம் பூண்டுப் பாலும் கொடுப்பார்கள், வீக்கம் சரசரவென்று வடியும். மாத்திரையோடு இதையும் சேர்த்துச் செய்து பாருங்களேன்.

மருந்துக்கடைக்காரர், கிருஷ்ணகிரி:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தக் காலை உருவவே கூடாது. சுளுக்குக்கு உருவுவது வேறு, சிரைக்குள் கட்டி இருக்கும் காலை அழுத்தி உருவினால் ஒரு துண்டு பிய்ந்து நேராக நுரையீரலுக்குப் போகலாம். சமையலில் போடும் பூண்டு பரவாயில்லை, மருந்தாக நினைத்து அள்ளி அள்ளிக் கொடுத்தால் மாத்திரையோடு சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டும். கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுவதும் அப்படித்தான், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஊத்தங்கரை லேப் அக்கா:

அண்ணா சொன்னதில் ஒன்றை நாங்கள் லேபில் கண்ணாலேயே பார்க்கிறோம், அதனால் எழுதுகிறேன். பிளாஸ்மின் நறுக்கிப் போட்ட ஃபைப்ரின் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். அது ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் உள்ளே எங்கோ கட்டி உண்டாகி உடைந்துகொண்டும் இருக்கிறது என்று பொருள். காய்ச்சல், கர்ப்பம், அறுவை சிகிச்சை எல்லாவற்றிலும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, ஸ்கேன் வேண்டும்.

இன்னொன்று, நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கடலைக்காட்டிலோ வைக்கோல் போரிலோ கண்ணாடி விரியன் கடித்து வந்தால் 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்போம். கண்ணாடிச் சுவர் பட்டாலே நல்ல ரத்தம் உறையும், பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ வைத்தால் முடிவு தப்பாகிவிடும். 20 நிமிடம் கழித்து மெல்லச் சாய்க்க வேண்டும். நல்ல ரத்தம் அடியில் கட்டியாக அப்படியே நிற்கும், விஷம் ஏறிய ரத்தமோ சாய்த்த பக்கமெல்லாம் ஓடும். அந்த விஷம் 5ஆம், 10ஆம் காரணிகளைத் தூண்டிவிடுவதால் உடம்பெங்கும் உறைவு கிளம்பி ஃபைப்ரினோஜன் அத்தனையும் செலவாகிவிடும், கிளம்பிய உறைவை உடம்பு இன்னொரு பக்கம் கரைத்துக்கொண்டும் இருக்கும், கடைசியில் ஈறிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம். விஷமுறிவு மருந்து விஷத்தைத்தான் முறிக்கும், தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும், அதனால்தான் 6 மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை. மந்திரிக்கப் போய் நேரத்தை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, தயவுசெய்து நேராக அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

பாலக்கோட்டான்:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி, அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகம். கீரையே தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள், அம்மாவுக்குக் களிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் சோறு இறங்காது. அப்புறம், ராத்திரி ஒருநாள் மாத்திரை போட மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடலாமா?

மருந்துக்கடைக்காரர், கிருஷ்ணகிரி:

கீரை சாப்பிடட்டும், அளவு மட்டும் மாறக்கூடாது. 2, 7, 9, 10 என்று நான்கு காரணிகளைக் கல்லீரல் சரியாகச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும், வார்ஃபாரின் அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் மறிக்கிறது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன, அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைத் தேடிப் போனதில்தான் பின்னால் இந்த மருந்து கிடைத்தது. கீரையில் வைட்டமின் கே நிறைய. வாரத்தில் மூன்று நாள் கடைசல் என்றால் எல்லா வாரமும் மூன்று நாள், ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறி இறங்கும். அம்மா மாதிரி கால் கட்டிக்காரர்களுக்கு அது பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும், சொன்ன தேதியில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டு வழக்கமான ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. விட்ட தேதியைச் சீட்டில் எழுதி வைத்து அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.